மணப்பெண் வண்டியின் பின்சீட்டு

ஷைலாவிடம் ஆறு கர்சீப் உண்டு. ஆறும் வெள்ளை, ஆறும் ஆம்பளைகள் வைத்துக்கொள்ளும் பெரிய சைஸ். ஒருநாளும் அவள் அவற்றில் மூக்கைத் துடைத்ததில்லை. கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற காலை ரயிலில் இடம் பிடிப்பதற்கென்றே வைத்திருந்தாள்.

மாரிகுப்பம்தான் ரயில் கிளம்புகிற ஸ்டேஷன். அங்கே ஏறுகிறவர்களுக்கு எந்த சீட்டு வேண்டுமானாலும் கிடைக்கும். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் பெங்களூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். அதனால் வழியில் ஏறுகிற தன் ஐந்து சினேகிதிகளுக்கும் ஐந்து கர்சீப், ஜன்னலோரம் தனக்கு ஒன்று என்று விரித்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷைலா காவலுக்கு உட்கார்ந்துவிடுவாள். யாராவது வந்து "இது காலியா?" என்று கேட்டால் பதில் ரெண்டே வார்த்தை: "ஆளு வருது." அதைச் சொல்கிற தோரணையில் கேட்டவர் அடுத்த பெட்டிக்கே போய்விடுவார்.

இப்படிப் பத்தொன்பது வருடம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் சீட்டு தைக்கிற கடையில் வேலை. ஆறு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஏழாவது மிஷின் ஷைலாவுடையது. சேர்ந்த முதல் வாரம், "பொம்பளைக்கு ரெக்ஸின் இழுக்கத் தெம்பு ஏது?" என்று கேட்ட மேஸ்திரி இப்போது கஷ்டமான மூலை எது வந்தாலும் இவள் மேஜையில்தான் கொண்டுவந்து போடுகிறார். வேலையில் கை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஷைலா முதலாளியிடம் போய், "இந்த மாசத்தோட நின்னுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். மாரிகுப்பம் பக்கத்தில் ஸ்கெலட்டன் என்கிற லைனில் இருக்கிற வீட்டின் முன்னறையைக் காலி செய்து, ஒரு மிஷினைப் போட்டு, சொந்தமாக சீட்டு வேலை தொடங்குவதாகத் திட்டம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று நாளில் கால்வாசியை ரயிலுக்கே கொடுத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. புருஷன் ஸ்டீவன் ஒரு பட்டறையில் வெல்டர், மறுப்பு சொல்லாத மனிதன். மறுப்பெல்லாம் ரயிலிலிருந்துதான் வந்தது.

"நீ நின்னுட்டா எங்களுக்கு யாருடி எடம் புடிப்பா?" என்றாள் லவினா. அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் ஏறுகிறவள், ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் சோதிக்கிற வேலை, ஷைலாவுக்கு உயிர்த்தோழி. "சொந்தக் கடையாம், சொந்தக் கடை. நம்ம ஊர்ல யாருக்குடி காரு இருக்குது?"

"ஏன், வால்டர் அங்கிள்கிட்ட இல்லியா?" என்றாள் ஷைலா.

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். வினை அங்கேயே தொடங்கியது.

வால்டர் அங்கிள் மைன்ஸில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். காயலான் கடையில் எடைக்குப் போக இருந்த கிரீம் கலர் அம்பாசிடர் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே ஓடவைத்தவர். சர்ச்சில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் அந்த வண்டியில்தான் போவாள். வாடகை கிடையாது. ரெண்டே நிபந்தனை: அவர்தான் ஓட்டுவார், உள்ளே யாரும் எதையும் தின்னக்கூடாது. முப்பத்தொரு பெண்களைக் கரையேற்றிய வண்டி அது. பிறகு அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதில் ரெண்டு மழைக்காலம் வண்டி தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதற்குப்பின் வந்த பெண்களெல்லாம் ஏசி காரில் போனார்கள். லவினாவின் மகளுக்கு மட்டும் அந்தப் பழைய அம்பாசிடர்தான் வேண்டுமாம். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். கல்யாணத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஷைலா, லவினா, வால்டர் அங்கிள் மூன்று பேருமாகக் கொட்டகைக்குப் போனார்கள். வால்டர் அங்கிள் தார்ப்பாயை இழுத்துப் பின்கதவைத் திறந்தார். திறந்ததும் லவினா ரெண்டடி பின்னால் போய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சீட்டு முழுக்கப் பூசணம். சாய்கிற இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது, உட்காருகிற இடத்தில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி. மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பையைப் பெட்டிக்குள் போட்டு மறந்துபோன மாதிரி ஒரு நாற்றம்.

"என் பொண்ணு கவுனு வெள்ளைடி," என்றாள் லவினா, பொத்திய மூக்கோடு. "பால் வெள்ளை. இதுல ஒக்காந்து எழுந்தா இன்னா ஆவும்?"

"நான் இருக்கறன் இல்ல?" என்றாள் ஷைலா. "மூணு வாரம் எதேஷ்டம். உம் பொண்ணு கவுன்ல ஒரு புள்ளி இருந்துச்சின்னா, நான் கடையே தொறக்கல, போ!"

வால்டர் அங்கிள் அவளைப் பார்த்து, "யோசிச்சிப் பேசும்மா" என்றார். அவள் எங்கே யோசித்தாள்? சொன்ன சொல் மறுநாள் காலை ரயிலேறி, பங்காருபேட்டை தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. கல்யாணத்துக்கு ஊரே வரும். கவுன் கறைபட்டால் கறைபட்டதை ஊரே பார்க்கும். திறக்காத கடைக்கு அன்றைக்கே பூட்டுத்தான்.

வாயிருந்த அளவுக்குக் கையும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே கொட்டகைக்குத்தான் போனாள். மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்டீவனும் கூடவே. ரெண்டு சீட்டையும் கழற்றி வெளியே போட்டு, ரெக்ஸினைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள். உள்ளே எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. தேங்காய்நார் மெத்தைக்குள்ளிருந்து கொண்டை ஊசி மட்டும் நாற்பத்திரண்டு வந்தது. முப்பத்தொரு மணப்பெண்கள் தலைசாய்த்துப் போன கணக்கு. வால்டர் அங்கிள் அதையெல்லாம் வண்டியின் பானெட்டில் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். அதன்மேல் விரித்திருந்த கோணி தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நார் மெத்தை கெட்டியாகத்தான் இருந்தது. அதைத் தட்டி, வினிகர் கலந்த தண்ணீரில் கழுவிக் காயப்போட்டாள். வெயில் ரெண்டு நாள் அடித்தது, மூன்றாம் நாள் மூடிக்கொண்டது. கையால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்த மாதிரித்தான் தெரிந்தது.

இனி ஸ்பிரிங்குக்கும் நாருக்கும் நடுவில் புதுக்கோணி போட வேண்டும். ஜே.சி. ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் போட்டிருப்பாள். ஆனால் இது கோலார் தங்கவயல். இங்கே மைன்ஸ் சாமான் என்றால் ஒரு பக்தி. மைன்ஸ் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், மைன்ஸ் ஆணி வளையாது, மைன்ஸ் கயிறு அறாது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்கள். எந்த வீட்டுப் பரணில் கைவிட்டாலும் எதாவது ஒன்று தட்டுப்படும். அது எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஸ்டீவன் வீட்டுப் பரணில் இருந்தது அவன் அப்பா கொண்டுவந்த கான்வாஸ் சுருள். சுரங்கக் குழிக்குள், ஷாஃப்டின் கீழ் லெவல்களுக்குக் காற்று கொண்டுபோகிற குழாய் தைப்பதற்கான மெழுகு பூசிய துணி. வீட்டில் எத்தனையோ தேவை வந்தும் இதற்கெல்லாமா அதை வெட்டுவது என்று எடுக்காமலே வைத்திருந்தார்கள்.

"கோணி மக்கிப்பூடும். இது நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் வரும்," என்றான் ஸ்டீவன், சுருளை இறக்கி வைத்து.

ஷைலாவுக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. தன் முதல் வேலைக்கு மைன்ஸ் கான்வாஸ்! கத்திரியை வைத்து வெட்டும்போது ஏதோ பட்டுப்புடவையை வெட்டுகிற மாதிரி கை கூசியது. அதை விரித்து, மேலே நார், அதற்கும் மேலே பஞ்சு, கடைசியாகப் புது ரெக்ஸின் இழுத்து மாட்டினாள். மெரூன் கலர், ஓரமெல்லாம் உள்ளே கயிறு வைத்துத் தைத்த கிரீம் பைப்பிங். போட்டோ எடுத்து ரயிலில் காட்டினாள். ரேணிகுண்டாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ரயில் சினேகிதி மங்கம்மா, "அப்பா! புதுப் பொண்ணு மாரி கீது," என்று கன்னத்தில் கைவைத்தாள். லவினாவின் முகத்திலும் ரெண்டு வாரத்துக்கு அப்புறம் சிரிப்பு வந்தது.

கல்யாணம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை ஷைலா தன் கர்சீப் ஒன்றை, உட்காருகிற சீட்டும் சாய்கிற சீட்டும் சேருகிற இடுக்கில் செருகிவைத்துவிட்டு வந்தாள். அது அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த பரீட்சை. எதாவது ஈரம் இருந்தால் அந்த இடுக்கில்தான் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் போய் உருவினாள். துணி சில்லென்று இருந்தது. நடுவில் சாம்பல் கலரில் ஒரு கோடு. மோந்து பார்த்தாள். அதே பள்ளிக்கூடப் பை.

சீட்டை வெளியே இழுத்து, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கான்வாஸின் கீழ்ப்பக்கம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. வளையங்களை வெட்டி மேலேயிருந்து கையை விட்டால் நார் சொதசொத. கான்வாஸின் மேல்பக்கம் வேர்த்து முத்துமுத்தாகத் தண்ணீர். புது ரெக்ஸினின் உள்பக்கத் துணியில் அதற்குள் புள்ளி தட்டியிருந்தது. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. குழாயிலிருந்து ஒரு துளி காற்றுகூட வெளியே போகக்கூடாது என்பதற்காகவே நெய்த துணி அது. உள்ளே இருந்த ஈரத்தை அது எந்த வழியாக வெளியே விடும்? சுரங்கத்துக்குள் மனிதர்களைக் காப்பாற்றிய துணி, கார் சீட்டுக்குள் பூசணத்தைக் காப்பாற்றியிருந்தது.

"எங்கப்பா துணிமேல பழி போடாத," என்றான் ஸ்டீவன்.

"உங்கப்பா துணி நல்ல துணிதான். போட்டவளுக்குத்தான் புத்தி இல்ல," என்றாள் ஷைலா. சொல்லிவிட்டுக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். கவுனை நினைத்துக்கூட அவ்வளவு இல்லை. தன் முதல் வேலையிலேயே, ஜே.சி. ரோட்டு மேஸ்திரி பார்த்தால் சிரித்துவிடுகிற தப்பைச் செய்துவிட்டோமே என்கிற அவமானம். முதலாளி இன்னும் புது ஆள் போடவில்லை, நாளைக்கே போய் 'நிக்கல சார், இருந்துக்கறேன்' என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஓடியது மனசு.

லீவு போடவும் வழியில்லை. திங்கட்கிழமை ஒருநாள் கேட்டதற்கே முதலாளி மூக்கால் அழுதிருந்தார். வெள்ளிக்கிழமை காலையும் வழக்கம்போல ஆறு கர்சீப்பை விரித்து இடம் பிடித்தாள். ஒன்றில் மட்டும் சாம்பல் கோடு. எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்து லவினாவின் மடியில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

பங்காருபேட்டை வரும்வரை லவினா அந்தச் சாம்பல் கோட்டையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் லவினா, "இப்ப இன்னா பண்ணணும்? அத்த சொல்லு," என்றாள்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து பண்ணணும். சாமான் இன்னிக்கி வாங்கிருவேன். பைப்பிங் மட்டும் நாப்பது அடி கையால தைக்கணும். நாளு எங்க கீது?"

"நாளு இல்லன்னா இன்னா? ரயிலு கீது இல்ல?" என்றாள் மங்கம்மா.

ரயிலில் கைவேலை ஒன்றும் புதிதல்ல. அந்தப் பெட்டியில் பூக்கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், அவரை உரிப்பார்கள். வீடு சேருவதற்குள் பாதிச் சமையல் முடிந்திருக்கும். கார் சீட்டு மட்டும் அதுவரை யாரும் தைத்ததில்லை.

அன்றைக்கு முதலாளியிடம் ஷைலா வாய் திறந்தது சாமான் கேட்க மட்டும்தான். சாயங்காலம் நல்ல கோணி, புதுசாக ஒரு நார்ப்பலகை, ரெக்ஸின், ஆளுயரத்துக்குச் சுருட்டிக் கட்டிய ஃபோம் என்று ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தாள். ஃபோமைத் தரையில் வைத்தால் அழுக்காகும் என்று மங்கம்மா அதை ஒரு சீட்டில் நிற்கவைத்து, தலையில் கர்சீப்பையும் போட்டாள். ஆபீஸ் பையோடு வந்த ஒருவர், "ஏம்மா, பஞ்சுக்கு ஒரு சீட்டா?" என்று சண்டைக்கு நின்றார். "ஆளு வருது," என்றாள் மங்கம்மா, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். மனிதர் அசந்துபோய் நகர்ந்துவிட்டார். ஷைலா அந்த ரெண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

ராத்திரியே ரெக்ஸினை வெட்டிவைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை, கிரீம் கலர் பட்டை ஒரு முனை ஷைலா மடியில், மறுமுனை எதிர்வரிசைக் கடைசியில் லவினா மடியில், நடுவில் நான்கு பேர் மடி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டைக்குள் கயிற்றை வைத்து மடித்து ஒட்டினாற்போலத் தைக்க வேண்டும். ஷைலா ஒரு முழம் தைத்துக் காட்டினாள். ரத்தக்குழாயைத் தேடி ஊசி போட்டே பழகிய லவினாவின் தையல் மற்ற எல்லாரையும்விட நேராக வந்தது. அதை ஒருதரம் சொன்னதோடு ஷைலா நிறுத்திக்கொண்டிருக்கலாம். மூன்றுதரம் சொன்னதில் மங்கம்மாவுக்குக் கோபம் வந்து, பெங்களூர் வரைக்கும் தன் பங்கை யாரையும் தொடவே விடவில்லை. டிக்கெட் பார்க்க வந்த டி.டி.ஆர் கையில் சீசன் டிக்கெட்டை நீட்ட ஒருத்திக்கும் கை ஒழியவில்லை. அவர் பட்டையைத் தாண்டக் காலைத் தூக்கிக்கொண்டே, "இன்னாம்மா இது, கல்யாணமா?" என்றார். "ஆமா சார், வாங்க," என்று ஆறு பேரும் அழைத்தார்கள். திரும்பி வரும்போது நாற்பது அடியும் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மிஷின் ஓடியது. மத்தியானத்துக்குள் கோணி, நார், ஃபோம், ரெக்ஸின் எல்லாம் அதனதன் இடத்தில் ஏறிவிட்டன. காற்று போகட்டும் என்று அடியில் ஒரு தடுப்பும் வைக்கவில்லை. சாயங்காலம் இடுக்கில் சுத்தமான ஒரு கர்சீப்பைச் செருகினாள். மிச்சமிருந்த கான்வாஸைச் சுருட்டி ஸ்டீவனிடம் கொடுத்தபோது, "வால்டர் அங்கிள் கொட்டகை ஒழுகுதே, கூரைமேல போடலாமா?" என்று கேட்டான். "அதுக்குத்தான் அது," என்றாள். பரணுக்குப் போகாமல் அது கூரைக்குப் போயிற்று.

திங்கள் காலை கர்சீப்பை உருவும்போது அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது, புது ரெக்ஸின் வாசனை மட்டும் அடித்தது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. ஏனென்றால் மணப்பெண்ணுக்கு முதலில் பேத்தமங்களா ஏரிக்கரையில் போட்டோவாம், அப்புறம்தான் சர்ச்சாம். வழியெல்லாம் தூறல், கண்ணாடி ஏற்றியபடி, வால்டர் அங்கிளோ மாட்டுவண்டி வேகம். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பால் வெள்ளைக் கவுன் அந்த சீட்டின்மேல்.

சர்ச் வாசலில் வண்டி வந்து நின்றது. ஷைலா கூட்டத்தின் கடைசியில், மாமரத்தடியில் நின்றுகொண்டாள். பெண் இறங்கினாள். பாண்டு வாசிப்பவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். லவினா அவர்களை நிறுத்தச்சொல்லிக் கையைக் காட்டினாள். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகிலிருந்து கவுனின் வால் வரைக்கும் கண்ணை ஓட்டினாள். அதுவும் போதாமல், பட்டுப்புடவையோடு குனிந்து, ஊரே பார்க்க, கவுனைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள்.

"மம்மி!" என்று பெண் பல்லைக் கடித்தாள்.

லவினா நிமிர்ந்து கூட்டத்தைத் துழாவி ஷைலாவைக் கண்டுபிடித்தாள். "கடைய தொறடி!" என்று கத்தினாள்.

பாண்டு அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஷைலாவுக்குக் கண்ணை மறைத்த தண்ணீரில் சர்ச்சும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை. விருந்து முடிவதற்குள் ஒரு ஜீப்புக்கும் ரெண்டு ஆட்டோவுக்கும் சீட்டு தைத்துத் தரச்சொல்லிக் கேட்டுவிட்டார்கள். வால்டர் அங்கிள் மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, ஒரு கொண்டை ஊசியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "நாப்பத்தி மூணாவது," என்றார்.

மாதம் முடிந்தது. ஜே.சி. ரோட்டுக் கடையில் கணக்கு தீர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்றாம் தேதி காலை அலாரம் வைக்காமலே எழுந்தாள். படுத்துப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய், எப்போதும் ஏறுகிற பெட்டியில் ஏறி, கர்சீப்புகளை விரித்தாள். எதிர் ஜன்னலோரத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரயில் நகருவதற்குள் இறங்கிக்கொண்டாள்.

பாதி வழி நடந்திருப்பாள், போன் அடித்தது. லவினா.

"ஏன்டி, இங்க ஆறு கர்சீப்பு கீது. நாங்க அஞ்சி பேருதானே?"

ஷைலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை தன்பாட்டுக்குத் தன் இடத்துக்கும் ஒன்று விரித்துவிட்டிருக்கிறது. "அது என்னுதுடி. பழக்கத்துல போட்டுட்டேன் போல. எடுத்து வெச்சிரு," என்றாள்.

போனுக்குள் ரயில் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பெண் குரல், "அக்கா, இது காலியா?" என்று கேட்டது.

"ஆளு வருது," என்றாள் லவினா.